முப்பத்தொரு ஆண்டு வாழ்ந்த வால்ட்டர் ரிட்ஸ்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

இயற்பியல் மாணவர்களாகிய நாங்கள் அணு நிறமாலைப் பாடத்தில் ரிட்ஸ் சேர்க்கைத் தத்துவம் என்ற ஒன்றைப் படிக்கிறோம். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு உரியது அது. நான்கு வரி எழுதி, ஒரு சமன்பாடு போட்டு, அடியில் கோடிட்டால் போதும். ரிட்ஸ் என்பவர் யார், எந்த ஊர்க்காரர், எங்கே வேலை பார்த்தார் என்று எவரும் கேட்பதில்லை. இவ்வாண்டு எங்கள் துறை மன்றத்தின் தொடக்க விழா நடக்கும் வரை நானும் கேட்டதில்லை.

அவ்விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவர் இதே கல்லூரியின் முன்னாள் மாணவர். டாக்டர் பட்டம் பெற்றபின் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்து வருகிறார். பாலம், அணை, விமான இறக்கை போன்றவற்றைக் கணிப்பொறிக்குள்ளேயே கட்டி, பாரம் ஏற்றி, எங்கே விரிசல் விடும் என்று கண்டுபிடிப்பது அவர் தொழில். முழுப் பொருளையும் சின்னஞ்சிறு முக்கோணங்களாக வெட்டிக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறையை வண்ணப் படங்களாகத் திரையில் காட்டினார். வினா நேரம் வந்தது. நான் எழுந்து, இது நிரந்தர வேலையா என்று கேட்டேன். அரங்கமே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் மழுப்பாமல் பதில் சொன்னார். டாக்டர் பட்டத்துக்குப் பிந்திய ஆராய்ச்சிப் பணி இரண்டு ஆண்டு ஒப்பந்தம். அது முடிந்தால் அடுத்த ஊர், சில வேளை அடுத்த நாடு. தமக்கு இது மூன்றாவது இடம். தாம் நாள்தோறும் பயன்படுத்தும் முறைக்கு வேர் போட்ட ரிட்ஸும் இப்படி அலைந்தவர்தாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டார்.

நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அடுத்த ஆண்டு பட்டம் கைக்கு வந்ததும் அரசுத் தேர்வு எழுதி ஏதாவதொரு நாற்காலியில் அமர்வதா, எம்.எஸ்ஸி., ஆராய்ச்சி என்று போவதா என்பது எங்கள் வீட்டில் இரவுச் சோற்றோடு தினமும் பரிமாறப்படும் பேச்சு. எனவே ரிட்ஸின் வாழ்க்கையை நூலகத்திலும் கணிப்பொறியிலும் தேடிப் படித்தேன். படித்ததைத் தோழர்கள் முன் வைக்கிறேன்.

ஸ்விட்சர்லாந்தில் வலே என்றொரு மாநிலம். ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே நதி ஓடும் பள்ளத்தாக்கு. அதன் தலைநகரான சியோனில் 1878-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் வால்ட்டர் ரிட்ஸ் பிறந்தார். தந்தை ரஃபேல் ரிட்ஸ், மலைவாழ் மக்களின் வாழ்க்கையை வரைந்து பெயர் பெற்ற ஓவியர். தாயார் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரைச் சேர்ந்தவர். வால்ட்டருக்கு 16 வயதாகும்போதே தந்தை காலமானார். ரிட்ஸ் என்றதும் பெரிய பெரிய ஹோட்டல்கள் நினைவுக்கு வரலாம். அவற்றை நிறுவிய சேசர் ரிட்ஸும் இதே மாநிலத்துக்காரர்தாம். ஆனால் அது வேறு கதை, வேறு செல்வம்.

1897-ஆம் ஆண்டு அவருடைய 19-ஆவது வயதில் ஒரு பெருந்துயரம் நேர்ந்தது. தோழர்களோடு ப்ளெரர் என்ற மலையில் ஏறியபோது, புதிதாக விழுந்திருந்த பனியில் சிலர் சறுக்கிப் பாறை விளிம்பைத் தாண்டி விழுந்தார்கள். அவர் கண்ணெதிரில் நடந்தது அது. அவர்களைக் காப்பாற்ற அவர் பட்ட பாடும், குளிரில் கிடந்ததும் அவர் உடலை முறித்துவிட்டன என்று எழுதுகிறார்கள். பின்னாளில் அவரைத் தின்ற காசநோய்க்கு அதுவே தொடக்கமா என்பதை மருத்துவர்தாம் சொல்ல வேண்டும். ஆனால் அதன்பின் அவர் முழு நலத்தோடு இருந்த ஆண்டுகள் குறைவு.

அதே 1897-இல் ஜூரிக் நகரின் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். ஐன்ஸ்டைன் அங்கே ஓராண்டு முன்னதாகச் சேர்ந்திருந்தார். ரிட்ஸ் முதலில் எடுத்தது பொறியியல். தோராயமாக முடித்துவிட்டு நகரும் அந்தப் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் மாறினார். இவருடைய பெயரை இன்று இயற்பியல் மாணவர்களைவிடப் பொறியாளர்களே அதிகம் உச்சரிக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஜூரிக்கின் ஈரக்காற்று நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளாமல் 1901-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்நாளில் கணித உலகின் தலைவாசல் அதுதான். டேவிட் ஹில்பர்ட் அங்கே இருந்தார். இயற்பியலில் ஃபோக்ட் இருந்தார். 1902 டிசம்பரில், தம் 24-ஆவது வயதில், நிறமாலைக் கோடுகளைப் பற்றிய ஆய்வேட்டுக்கு ரிட்ஸ் டாக்டர் பட்டம் பெற்றார். ஓர் அணுவை அதிரும் தகடு போலக் கற்பனை செய்து, அது எழுப்பும் அதிர்வெண்களிலிருந்து கோடுகளைப் பெற முயன்ற ஆய்வு அது. அணுவுக்குள் அப்படித் தகடு ஏதும் இல்லை என்பது இன்று நமக்குத் தெரியும். ஆனால் தகடு என்ற பொருள் அவர் கையைவிட்டுப் பிறகு போகவே இல்லை.

பட்டம் வாங்கியாயிற்று. பிறகு? இங்கேதான் அந்த முன்னாள் மாணவர் சொன்ன கதை தொடங்குகிறது. 1903-இல் நண்பர் எரன்ஃபெஸ்டுடன் ஹாலந்தின் லைடன் நகருக்குப் போய் லோரன்ட்ஸின் விரிவுரைகளைக் கேட்டார். அங்கிருந்து பான் நகரில் கைசரின் ஆய்வுக்கூடம். பொட்டாசியத்தின் நிறமாலையில் இன்ன இடத்தில் ஒரு கோடு இருக்க வேண்டும் என்று தம் ஆய்வேட்டில் எழுதியிருந்தார். அதை அங்கே தாமே கண்டெடுத்தார். அவ்வாண்டின் இறுதியில் பாரிஸ். அகச்சிவப்புக் கதிர்களைப் படம் பிடிக்கும் தட்டுகள் செய்வதில் இறங்கினார். ஓராண்டுக்குள் மூன்று நாடுகள். இவற்றில் எதிலும் அவருக்கு நிலையான பதவி கிடையாது. 1904-ஆம் ஆண்டு நடுவில் உடல் அடியோடு சரிந்தது. ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறினார்.

அடுத்த மூன்று ஆண்டுகள் ஏறக்குறைய வெற்றுத் தாள். காட்டு மலையோரச் சிகிச்சை நிலையம், கடற்கரை ஊரான நீஸ், சொந்த ஊரான சியோன் என்று நல்ல காற்றைத் தேடி அலைந்தார். அந்நாளில் காசநோய்க்கு மருந்தில்லை. 26 முதல் 29 வயது வரை, ஓர் ஆராய்ச்சியாளன் பெயர் எடுக்க வேண்டிய பருவம், படுக்கையில் போயிற்று. இன்றைய ஒப்பந்த ஆராய்ச்சியில் மூன்று ஆண்டு இடைவெளி விழுந்தால் விண்ணப்பத்தை யார் திறந்து பார்ப்பார்கள்?

இனி அந்தத் தகட்டுக் கதைக்கு வருவோம். பாரிஸ் விஞ்ஞான அகாதெமி 1907-ஆம் ஆண்டுக்கான வைலான் பரிசுக்கு ஒரு கணக்கை வைத்திருந்தது. ஒரு மெல்லிய தகட்டின் ஓரம் முழுவதும் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. மேலே பாரம். தகடு எந்த வடிவில் வளையும்? இதைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் அப்பா வாழ்நாள் முழுதும் போட்டு வருவது இதைத்தானே! நான்கு சுவர்மேல் உட்காரும் கான்கிரீட் தளம் அப்படியே இந்தத் தகடு அல்ல. ஆனால் இதன் நெருங்கிய உறவு. முட்டுப் பிரிக்கும்போது தளத்துக்கு நடுவிலிருந்து தொடங்கிச் சுவர்ப் பக்கமாக வருவார் அப்பா. சன்ஷேட் என்றால் மாற்றி, நுனியில் தொடங்கிச் சுவரை நோக்கி வருவார். மாற்றிப் பிரித்தால் சன்ஷேட்டின் கம்பி இல்லாத பக்கம் இழுபட்டு விரிசல் விடும். இதற்குச் சமன்பாடு அவருக்குத் தெரியாது. ஆனால் ஒருநாளும் தவறியதில்லை.

சமன்பாடு எழுதுவது கடினமில்லை, தீர்ப்பதுதான் கடினம். வட்டத் தகடு என்றால் ஏதோ ஒரு வழி உண்டு. சாதாரணச் சதுரத்துக்கு வழி இல்லை. ரிட்ஸ் அதைத் தீர்க்கும் வேலையை வேறு முனையிலிருந்து பிடித்தார். வளைந்த தகட்டில் மீள் ஆற்றல் சேர்கிறது. பாரம் கீழிறங்குவதால் நிலை ஆற்றல் குறைகிறது. இரண்டையும் கூட்டினால் எந்த வடிவத்தில் தொகை மிகக் குறைவோ, அந்த வடிவத்தையே தகடு எடுக்கும். ஆனால் வடிவங்களோ எண்ணிறந்தவை. ஒவ்வொன்றாகப் பார்க்க முடியுமா? ஆகவே ஓரத்தில் அசையாத, கணக்குக்கு எளிய சில வடிவங்களை எடுத்துக்கொண்டார். அப்பா ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்று கலப்பதைப் போல, அவ்வடிவங்களை இன்ன இன்ன பங்கில் கலந்தால் உண்மையான வடிவம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டார். பங்குகள்தாம் தெரியாத எண்கள். ஆற்றல் மிகக் குறையும்படி அவற்றைத் தேர்ந்தெடுக்க முற்பட்டால், பயமுறுத்தும் வகைக்கெழுச் சமன்பாடு மறைந்துபோய், பள்ளியில் நாம் போட்ட ஒருங்கமை சமன்பாடுகள் வந்து நிற்கின்றன! வடிவங்களைக் கூட்டிக்கொண்டே போனால் விடை உண்மையை நெருங்கிக்கொண்டே போகும் என்பதையும் கணித ஒழுங்கோடு நிறுவினார்.

பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. பிரெஞ்சுக் கணித மேதை ஹடமார்டும் வேறு மூவரும் அதைப் பெற்றார்கள். அவர்களும் பெரியவர்களே, ஹடமார்டின் கட்டுரையில் ஆழமான கணிதம் உண்டு. ஆனால் ஒரு தளத்தின் நடுப்பகுதி எவ்வளவு தாழும் என்று எண்ணில் சொல்ல வேண்டிய மனிதனுக்கு உதவியது ரிட்ஸ் எழுதியதுதான். நடுவர்களைக் குறை சொல்ல எனக்கு வயதில்லை. எண்ணாக விடை வருவதை அந்நாளில் இரண்டாந்தரமாகவே கருதினார்கள் போலும்.

1907 இறுதியில் தாயாரின் ஊரான டியூபிங்கனுக்கும், அடுத்த ஆண்டு மறுபடி கோட்டிங்கனுக்கும் வந்தார். உடல் தேறிவிட்டது என்பதல்ல. தேறாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது என்றே எண்ணுகிறேன். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் எழுதிக் குவித்தது வியப்பூட்டும் அளவு.

நம் ஐந்து மதிப்பெண் தத்துவம் 1908-இல் வந்தது. ஒரு தனிமத்தின் இரண்டு நிறமாலைக் கோடுகளின் அலையெண்களைக் கூட்டினாலோ கழித்தாலோ அதே தனிமத்தின் வேறொரு கோடு கிடைக்கும் என்பது சாரம். நானே கணக்கிட்டுப் பார்த்தேன். ஹைட்ரஜனின் லைமன் வரிசையில் இரண்டாம் கோட்டின் அலையெண் சென்டிமீட்டருக்கு 97,492. முதல் கோட்டுக்கு 82,259. கழித்தால் 15,233. இதை அலைநீளமாக மாற்றினால் சுமார் 656 நானோமீட்டர். பால்மர் வரிசையின் அந்தச் சிவப்புக் கோடு! ஆய்வகத்தில் தொலைநோக்கியில் கண்ணை வைத்து நாம் தேடும் அதே கோடு. ரிட்ஸ் தந்த குறிப்பைக் கொண்டு டியூபிங்கனில் பாஷன் ஹைட்ரஜனின் அகச்சிவப்புக் கோடுகளை அதே 1908-இல் கண்டுபிடித்தார். 1913-இல் போர் தம் அணுக்கொள்கையை வெளியிட்ட பிறகுதான் கோடுகள் ஏன் இப்படிக் கூடிக் கழிகின்றன என்பது விளங்கிற்று. அப்போது ரிட்ஸ் இல்லை.

1909-இல் வெளிவந்த இன்னொரு கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணாடி அல்லது உலோகத் தகட்டின்மேல் மணலைத் தூவி, ஓரத்தில் வயலின் வில்லால் இழுத்தால், மணல் ஓடி ஓடி ஒதுங்கிக் கோலம் போடும். சிளாட்னி என்ற ஜெர்மானியர் 1787-இல் இக்கோலங்களை நூலாக வெளியிட்டார். நெப்போலியன் முன்னிலையில் செய்து காட்டவும் செய்தார். இதற்கு விளக்கம் தேடி வைத்த பரிசை 1816-இல் சோஃபி ஜெர்மேன் என்ற பெண்மணி வென்றார். கிர்க்காஃப் 1850-இல் வட்டத் தகட்டுக்குக் கணக்கைச் சரியாக முடித்தார். ஆனால் ஓரம் எங்கும் பிடிக்கப்படாத சதுரத் தகடு மட்டும் 120 ஆண்டுகளாக எவருக்கும் வசப்படவில்லை. ரிட்ஸ் தம் கலவை முறையை அதன்மேல் வைத்தார். அதிரும் கோலின் வடிவங்களை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பெருக்கிக் கலந்தார். கணிப்பொறி ஏது? பேனாவும் தாளும்தான். சிளாட்னியின் மணற்கோலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவர் தாளில் வந்து விழுந்தன. அதிர்வெண்களும் அளவீடுகளோடு நெருங்கிப் பொருந்தின. காய்ச்சலோடு, இருமலோடு போட்ட கணக்கு இது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ரிட்ஸ் எதிலும் தவறாதவர் என்று எழுதினால் அது பொய்யாகும். மின்காந்தவியலில் அவர் பிடித்த பக்கம் தோற்ற பக்கம். ஒளியின் வேகம் அதை வீசும் பொருளின் வேகத்தோடு கூடும் என்று வாதாடி, ஐன்ஸ்டைனின் சார்பியலை எதிர்த்தார். இரட்டை விண்மீன்களின் ஒளியை ஆராய்ந்த டி சிட்டர் 1913-இல் அவ்வாதம் நில்லாது என்று காட்டினார். ஆனால் சண்டையிலும் ஒரு பண்பு இருந்தது. கதிர்வீச்சு ஏன் ஒரே திசையில் நடக்கிறது என்பதில் ரிட்ஸும் ஐன்ஸ்டைனும் உடன்படவில்லை. எதில் உடன்படவில்லை என்பதை மட்டும் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டு 1909-இல் ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டார்கள். நம் விடுதியில் இப்படி ஒரு பழக்கம் இருந்தால் எவ்வளவு சத்தம் மிச்சமாகும்!

அதே ஆண்டின் தொடக்கத்தில் கோட்டிங்கன் அவரைப் பிரிவாட்டோசென்ட் ஆக்கியது. பெயர் கனமாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். டாக்டர் பட்டத்துக்கு மேல் இன்னோர் ஆய்வைச் சமர்ப்பித்தால் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் உரிமை தருவார்கள், சம்பளம் தரமாட்டார்கள். வகுப்புக்கு வரும் மாணவர்கள் கட்டும் கட்டணமே வருமானம். பேராசிரியர் நாற்காலி காலியாகும் வரை இப்படிக் காத்திருக்க வேண்டும். இன்றைய இரண்டாண்டு ஒப்பந்தத்தின் பாட்டனார் இந்த ஏற்பாடு.

நாற்காலி ஒன்று வரவும் செய்தது. ஜூரிக் பல்கலைக்கழகம் கோட்பாட்டு இயற்பியலுக்குப் புதிதாக ஒரு பேராசிரியரைத் தேடியது. 1909 மார்ச்சில் அங்கே எழுதப்பட்ட அறிக்கையில் ரிட்ஸின் திறமைக்கே முதலிடம். ஸ்விஸ் நாட்டவர் என்ற தகுதியும் இருந்தது. ஆனால் நோய் அவரை அப்பணிக்குத் தகுதியற்றவராக்கியது. இடம் பெர்ன் நகரின் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துவந்த ஐன்ஸ்டைனுக்குப் போயிற்று. அவர் அக்டோபரில் பொறுப்பேற்றார். ரிட்ஸ் ஜூலை 7-ஆம் நாளே கோட்டிங்கனில் இறந்துவிட்டார். வயது 31.

பரிசு தராத பாரிஸ் அகாதெமி, அவர் இறந்தபின் வேறொரு பரிசை அவர் பெயருக்கு அளித்தது. ஸ்விஸ் இயற்பியல் கழகம் 1911-இல் அவருடைய எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டது. 500 பக்கங்களுக்கு மேல். அதே 1911-இல் இங்கிலாந்தின் ராலே பிரபு, இத்தகைய வழியைத் தாமும் முன்பே கையாண்டிருப்பதாக எழுதினார். அது உண்மையே, 1877-இல் வெளிவந்த அவர் நூலில் அதன் சாயல் உண்டு. ஆகவே இன்று ராலே–ரிட்ஸ் முறை என்கிறோம். நோபல் பரிசும் பண்ணையில் சொந்த ஆய்வுக்கூடமும் உடைய பிரபுவின் பெயருக்குப் பக்கத்தில், ஒரு நாளும் பேராசிரியர் சம்பளம் வாங்காத இளைஞரின் பெயர்!

முறையை முதலில் கையில் எடுத்தவர்கள் ருஷ்யப் பொறியாளர்கள். திமஷென்கோ, புப்னோவ், 1915-இல் கலெர்க்கின் என்று அது வளர்ந்தது. ரிட்ஸ் கோட்டிங்கனில் கடைசி ஆண்டைக் கழித்தபோது அங்கே ஹில்பர்ட்டின் உதவியாளராக ஓர் இளைஞர் இருந்தார், பெயர் கூரண்ட். நாஜி ஆட்சி அவரை 1933-இல் வெளியேற்றியது, அமெரிக்கா சென்றார். 1943-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், தகடு முழுவதற்கும் ஒரே வடிவங்களைத் தேடாமல், பரப்பை முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் மிக எளிய வடிவத்தை வைத்து, ரிட்ஸ் கலந்தது போலவே கலந்தார். 1956-இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வர் விமான இறக்கைகளுக்காக அதே போன்ற வழியைப் பொறியாளர் பக்கத்திலிருந்து கண்டடைந்தார்கள். 1960-இல் கிளஃப் அதற்கு ஃபைனைட் எலிமென்ட் என்று பெயரிட்டார். கணிப்பொறி பெருகப் பெருக முக்கோணங்களும் பெருகின. விழாவில் திரையில் நான் கண்ட வண்ணப் படங்கள் அந்தக் கலவையேதான். ரிட்ஸ் கையால் போட்ட சில சமன்பாடுகளுக்குப் பதில் இலட்சக்கணக்கான சமன்பாடுகள்.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். புதிதாகப் போட்ட தளம் ஒன்றில் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திக்கொண்டிருந்தார். நானும் குடம் எடுத்துக் கொடுத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, அந்தப் பையனுக்கு அம்மா இருந்தாளா என்று ஒன்றே ஒன்று கேட்டார். இருந்தார் என்றேன். சம்பளத்தைப் பற்றி அவர் கேட்பார் என்று விடை தயாராக வைத்திருந்தேன், கேட்கவில்லை. எம்.எஸ்ஸி. விண்ணப்பம் எப்போது தருவார்கள் என்று விசாரித்துவிட்டு, ஒரு மூலையில் பாத்தி உடைந்து தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்து அங்கே போய்விட்டார்.